பழைய சான்ட்ரோவில் ஐபாட் பாடிய கதை

அப்பாவின் சான்ட்ரோ 2009 கடைசியில் என் கைக்கு வந்தது. மதுரையிலிருந்து அவரே ஓட்டிவந்து, வேளச்சேரி வீட்டு வாசலில் நிறுத்தி, சாவியோடு ஒரு பிஸ்கட் டப்பா நிறைய கேசட்டுகளையும் கொடுத்தார். "செட்டு நல்லாப் பாடும்மா. ஹெட்டை மட்டும் அப்பப்ப தொடச்சிரு" என்றார். ஹெட் என்பது செட்டுக்குள் நாடாவைப் படிக்கும் பகுதி. அதே சமயம் சிங்கப்பூரிலிருந்து வந்த சித்தி மகன் எனக்கொரு ஐபாட் கிளாசிக் வாங்கிவந்திருந்தான். 160 ஜிபி. அப்பாவின் டப்பாவைப் போல எத்தனையோ டப்பாக்கள் அதற்குள் அடங்கிவிடும். ஆனால் கார் செட்டில் இருந்தது ஒரு கேசட் வாயும் ரேடியோவும் மட்டுமே. ஐபாட் வயரைச் செருக ஓர் ஓட்டை கிடையாது.

இரண்டையும் சேர்த்துவைக்க நான் பட்ட பாட்டை எழுதச் சொல்லி என் தம்பி ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் இப்போது ஒரு பழைய வண்டி வாங்கியிருக்கிறான். அவனுக்காகத்தான் இது.

முதலில் வாங்கியது எஃப்எம் டிரான்ஸ்மிட்டர். கட்டைவிரல் அளவுச் சாதனம். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகி, அதன் வயரை ஐபாடின் ஹெட்போன் ஓட்டையில் மாட்டினால், அது காருக்குள்ளேயே ஒரு குட்டி வானொலி நிலையமாகிவிடும். அதில் ஓர் எண்ணை வைத்து, ரேடியோவையும் அதே எண்ணுக்குத் திருப்ப வேண்டும். கேட்க எளிமை. சென்னையில் அந்த எண்ணைத் தேடுவதுதான் பாடு. 91.1, 92.7, 93.5, 98.3, 101.4, 102.3, 106.4 என்று வரிசையாக நிலையங்கள். ஒருவழியாக 100.5 அமைதியாக இருந்தது. இரண்டு வாரம் ஆபீசுக்குப் போக, வர நன்றாகத்தான் பாடியது.

பொங்கலுக்கு அப்பாவும் நானும் மதுரைக்குக் கிளம்பினோம். விக்கிரவாண்டி வரை குறையில்லை. திருச்சி நெருங்க நெருங்கப் பாட்டுக்கு நடுவே யாரோ இருமுவதுபோலக் கேட்டது. துவரங்குறிச்சி தாண்டியதும் இருமியவர் முழுசாகவே வந்து உட்கார்ந்துவிட்டார். பாட்டு போய், ஒரு பெரியவர் நிதானமாகப் பயிர் வளர்ப்பு பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "100.5 கோடை பண்பலைம்மா! மதுரைப் பிள்ளை நீ, இதைப் போய் மறந்துட்டியே?"

கோடை பண்பலையின் கோபுரம் கொடைக்கானல் மலைமேல் இருக்கிறது. அந்த உயரத்திலிருந்து வரும் ஒலி சுற்றியுள்ள பல மாவட்டங்களை எட்டும். அதன் முன்னால் சாக்கெட்டில் தொங்கும் ஒரு கட்டைவிரல் எந்த மூலைக்கு?

டிரான்ஸ்மிட்டர்தான் உங்களுக்கு வழி என்றால், வீட்டு வாசலில் காலியாக இருக்கும் எண்ணை நம்பாதீர்கள். போகும் பாதையில் என்னென்ன நிலையங்கள் வரும் என்று பார்த்து இரண்டு மூன்று எண்களைத் தேர்ந்தெடுத்து, ரேடியோவின் பொத்தான்களில் முன்பே பதிந்துவைத்துக்கொள்ளுங்கள். எண்ணுக்கு இருபக்கமும் அடுத்த எண்களும் வெறுமையாக இருக்க வேண்டும். பக்கத்து வீட்டில் கல்யாணம் என்றால் நம் வீட்டில் தூங்க முடியாது, அதே கதைதான். அலைவரிசையின் கீழ்க்கோடி, 87.5, 88 பக்கம், பெரும்பாலும் காலியாக இருக்கும். இன்னொரு தந்திரத்தை மதுரையில் ஒரு டாக்சி ஓட்டுநர் சொன்னார்: காரின் ஏரியலைக் கழற்றிவிடுங்கள். வெளியிலிருந்து வரும் நிலையங்கள் வலுவிழக்கும், உள்ளே இருக்கும் நம் குட்டி நிலையம் அப்படியே இருக்கும். செய்து பார்த்தேன், நல்ல வித்தியாசம் தெரிந்தது. ஆனாலும் பின்னணியில் அந்த மெல்லிய 'உஸ்' போகவே இல்லை. எஃப்எம் ஒலிபரப்பில் சுமார் 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலி ஏறாது. ஜால்ராவின் கூர்மையும் கொஞ்சம் மழுங்கும்.

அந்தப் பொங்கல் முடிவதற்குள் அப்பாவே அடுத்த வழியைக் கண்டுபிடித்தார். மதுரையில் ஒரு கடையில் "வால் முளைச்ச கேசட்" ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். கேசட் அடாப்டர். கேசட் போலவே கூடு, உள்ளே நாடா கிடையாது, ஓரத்திலிருந்து ஒரு வயர் நீளும். நாடா செட்டின் ஹெட்டைத் தொடும் இடத்தில் இதற்குள்ளும் ஒரு ஹெட் இருக்கிறது. ஐபாடிலிருந்து வரும் மின்னோட்டத்தை அது காந்தப் புலமாக மாற்றுகிறது. செட்டின் ஹெட்டுக்கு நாடா ஓடினால் என்ன, இது உட்கார்ந்திருந்தால் என்ன, காந்தப் புலம் மாறினால் போதும். காற்றில் எதுவும் போவதில்லை, ஆகவே கோடை பண்பலைக்கு இங்கே வேலை இல்லை.

அப்பாவுக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. அவர் காலத்துச் சாமான் அல்லவா. எண்பதுகளில் பாட்டுப் பட்டியலைத் தாளில் எழுதி ரெக்கார்டிங் சென்டரில் கொடுத்துவிட்டு, வாரம் கழித்துப் போய் 60 நிமிடக் கேசட்டில் பதிந்து வாங்கிவந்தவர். 90 நிமிடக் கேசட் வாங்கமாட்டார். நாடா மெல்லிசு, வெயிலில் சிக்கிக்கொள்ளும் என்பார். அடாப்டரைப் போட்டதும் முதல் பாட்டு சாக்குக்குள்ளிருந்து வருவதுபோல மந்தமாக வந்தது. நான் அடாப்டரைக் குறை சொன்னேன். அவர் பஞ்சு சுற்றிய குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து ஹெட்டைத் துடைத்தார். பஞ்சு பழுப்பாக வந்தது. நாலாவது குச்சி வெள்ளையாக வந்தபோது பாட்டிலிருந்து ஒரு திரை விலகியது. புதுச் சாமானைச் சந்தேகப்படும் முன் பழைய சாமானைத் துடைத்துப் பார் என்பதை எனக்கு அவர் வார்த்தையில் சொல்லவில்லை. குச்சிகளை மட்டும் வரிசையாக டேஷ்போர்டில் வைத்துக் காட்டினார்.

அடாப்டருக்கென்று ஒரு தொல்லை உண்டு, அதன் பல்சக்கரங்கள். கார் அமைதியாக நிற்கும்போது கடகடவென்று கேட்கும். அதிகப்பிரசங்கித்தனமாக ஒருநாள் கூட்டைத் திறந்து சக்கரங்களைக் கழற்றிவிட்டேன். அதன்பின் செட்டு சில நொடிக்கு ஒருமுறை 'கிளக்' என்று பக்கம் மாற்றிக்கொண்டே இருந்தது. கேசட் சக்கரம் சுற்றவில்லை என்றால் நாடா முடிந்துவிட்டது என்று ஆட்டோ ரிவர்ஸ் செட்டுக்கு எண்ணம். அந்தச் சக்கரங்களுக்கு வேலையே செட்டை ஏமாற்றுவதுதான். மறுபடி மாட்டி, அச்சில் தையல் மிஷின் எண்ணெய் ஒரு பொட்டு வைத்தோம். ஒரு பொட்டுதான்; ஹெட்டில் பட்டால் கெட்டது.

அப்போது கற்ற இன்னொன்று, எந்த வழிக்கும் பொருந்தும். இரண்டு இடத்தில் வால்யூம் இருக்கிறது: ஐபாடில் ஒன்று, செட்டில் ஒன்று. ஐபாடில் முழுக்க வைத்தால் உச்சங்களில் குரல் கிழிகிறது. மிகவும் குறைத்து வைத்தால் செட்டில் ஏற்ற வேண்டும், பாட்டோடு இரைச்சலும் ஏறும். ஐபாடில் முக்காலுக்குச் சற்று மேல் வைத்துவிட்டு, பிறகு செட்டின் குமிழை மட்டும் தொடுங்கள். ஒருமுறை ஐபாடைப் பாதிக்கும் கீழே வைத்து, செட்டை ஏறக்குறைய முழுதாகத் திருகி ஓட்டிக்கொண்டிருந்தேன். அப்பா ரேடியோ பொத்தானை அமுக்கினார். நகைக்கடை விளம்பரம் ஒன்று இடிபோல இறங்கியது. அவர் கையிலிருந்த காபி என் புடவையில்.

அடாப்டர் கிட்டத்தட்ட ஒன்றரை வருடம் பாடியது. அதன் முடிவுக்கு நானே காரணம். 2011 மே மாதம் மதுரையில் கல்யாணம் ஒன்றுக்காக மண்டப வாசலில் வெயிலில் காரை நிறுத்தினேன், அடாப்டர் செட்டுக்குள்ளேயே. சாயங்காலம் வந்து பார்த்தால் கூடு நெளிந்து உள்ளேயே இறுகிவிட்டது. ஸ்குரூ டிரைவரால் நெம்பி எடுத்தோம். அடாப்டரோடு செட்டின் வாயும் போய்விட்டது. ஐபாடை மட்டும் எப்போதும் கைப்பையில் எடுத்துப்போவேன். அந்தக் கிளாசிக்குக்குள் சுழல்கிற ஹார்டு டிஸ்க் இருக்கிறது, பேட்டரி இருக்கிறது. 35 டிகிரிக்கு மேல் இயக்க வேண்டாம், 45 டிகிரிக்கு மேல் வைக்கவே வேண்டாம் என்பதுதான் அதற்கான வரையறை. மே மாதத்தில் மூடிய கார் அதையெல்லாம் பத்து மணிக்கே தாண்டிவிடும்.

ஆக, புதுச் செட்டு. சென்னையில் கார் சாமான் என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. அப்பாவும் வந்திருந்தார். ஆக்ஸ் ஓட்டை (ஐபாட் போன்ற வெளிச் சாதனத்தின் வயரைச் செருகும் இடம்), யூஎஸ்பி இரண்டும் உள்ள செட்டாகக் கேட்டேன். நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் கடைப் பையன் அப்பாவைப் பார்த்தே பதில் சொன்னான். வயரை வெட்டாமல் மாட்டும் கனெக்டர் இருக்குமா என்றேன். "அதெல்லாம் எதுக்கு சார், ஜாயின்ட் அடிச்சிரலாம்" என்று அப்பாவிடம் சொல்லி, இருபது நிமிடத்தில் முறுக்கி டேப் சுற்றி மாட்டிவிட்டான். கனெக்டர் வாங்கியிருந்தால் பின்னால் வந்த தொல்லைகளில் பாதி வந்திருக்காது. பிடிவாதம் பிடித்திருக்க வேண்டும்.

முதல் தொல்லை மறுநாளே. சாவியைத் திருகி எடுத்தால் செட்டு எல்லாவற்றையும் மறந்தது: மணி, பதிந்த நிலையங்கள், பாஸ், ட்ரெபிள். காரணம் எளிது. கடையில் வாங்கும் செட்டுகளில் மஞ்சள் வயர் எப்போதும் பேட்டரியோடு இருக்க வேண்டும், ஞாபகத்துக்காக. சிவப்பு சாவியோடு சேர்ந்து வர வேண்டும், செட்டை எழுப்ப. கறுப்பு எர்த், மின்சாரம் காரின் இரும்பு உடம்புக்குத் திரும்பும் வழி. பையன் மஞ்சளையும் சிவப்பையும் மாற்றிப் போட்டிருந்தான். இரண்டையுமே பேட்டரியில் சேர்த்துக் கட்டுகிறவர்களும் உண்டு. அப்போது ஞாபகம் இருக்கும், ஆனால் அணைக்க மறந்தால் காலையில் வண்டி கிளம்பாது.

இரண்டாவது தொல்லைதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது.

ஆக்ஸ் வயர் மாட்டிய முதல் நாள் சொர்க்கமாக இருந்தது. 3.5 மி.மீ. பிளக், இரண்டு முனையும் ஒன்றே, இங்கே ஒன்று அங்கே ஒன்று. இத்தனை நாள் இந்தப் பாட்டுக்குள் இவ்வளவு வீணை இருந்ததா என்று தோன்றியது. மூன்றாம் நாள் ஐபாடில் சார்ஜ் குறைந்திருந்ததால் லைட்டர் சாக்கெட்டில் சார்ஜரைப் போட்டு அதையும் மாட்டினேன். பாட்டுக்குப் பின்னால் ஒரு கொசு. ஆக்சிலேட்டரை அழுத்தினால் கொசுவின் சுருதி ஏறுகிறது, விட்டால் இறங்குகிறது. கியர் மாற்றும்போதெல்லாம் கூடவே பாடுகிறது. வயரை மாற்றினேன். விலை கூடிய இன்னொரு வயரை வாங்கினேன். கொசுவுக்குக் கவலையே இல்லை.

அடுத்த பயணத்தில் மதுரையில் அப்பாவுக்குப் பழக்கமான ஆட்டோ எலக்ட்ரீசியனிடம் போனோம். ஐம்பது வயதிருக்கும். வண்டியைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் முதலில் விசாரித்தார். "தங்கச்சி, எஞ்சின் ஓடாம சாவியை மட்டும் போட்டா சத்தம் வருதா?" வரவில்லை. "ரேடியோ பாடும்போது?" இல்லை. "சார்ஜரைப் பிடுங்கிட்டா?" போய்விடுகிறது. "அப்ப எர்த்து. வயருக்குச் செலவழிக்காதீங்க."

அவர் விளக்கியதை அப்பா வழியிலேயே சொல்கிறேன். பொதுப்பணித் துறையில் இருந்தவர், எதற்கும் வாய்க்கால் கணக்குதான். ஐபாடிலிருந்து எர்த்துக்கு இரண்டு வாய்க்கால். ஒன்று சார்ஜர் வழியாக சாக்கெட்டுக்குப் போகிறது. இன்னொன்று ஆக்ஸ் வயரின் மேலுறை வழியாக செட்டுக்குப் போகிறது. இரண்டும் ஒரே மட்டம் என்று கணக்கு. ஆனால் எஞ்சினோடு சுற்றி மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் ஓடும்போது காரின் உடம்பு வழியாகப் பெரிய மின்னோட்டம் போகிறது. இடத்துக்கு இடம் மட்டம் துளி மாறுகிறது. அந்தத் துளி மேடு பள்ளத்தில் ஓட்டம் ஒரு வாய்க்காலில் இறங்கி இன்னொன்றில் ஏறிச் சுற்றுகிறது. பாட்டும் அதே மேலுறையை நம்பித்தான் வருகிறது, அதனால் அந்தச் சுற்றல் பாட்டோடு கலந்துவிடுகிறது. எஞ்சின் வேகம் கூடினால் ஆல்டர்னேட்டரின் அலையும் வேகம் கூடும். கொசுவின் சுருதி ஏறுவது அதனால்.

எலக்ட்ரீசியன் செட்டை வெளியே இழுத்தார். கறுப்பு வயர், பையன் முறுக்கிய முடிச்சில் பாதி அறுந்து நின்றது. அதை வெட்டிவிட்டு, தடித்த வயர் ஒன்றைப் போட்டு, டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு போல்ட்டைக் கழற்றி, அடியில் பெயின்ட்டைச் சுரண்டி, இரும்பு பளபளக்கும் வரை தேய்த்து, அதில் முடுக்கினார். மஞ்சள் சிவப்பையும் அப்போதே சரிசெய்தார், சோல்டர் வைத்து. கொசு பாதியானது, முழுசாகப் போகவில்லை. மிச்சத்துக்கு ஒரு சின்னப் பெட்டியைச் சொன்னார்: கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைத்தது. ஆக்ஸ் வயரின் நடுவே மாட்டுவது. உள்ளே இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள். பாட்டைக் காந்தம் வழியாகக் கடத்திவிட்டு எர்த் வாய்க்காலை வெட்டிவிடும். கொசு செத்தது. மிகவும் மலிவான பெட்டி என்றால் தவிலின் அடிநாதம் கொஞ்சம் இளைக்கும், கேட்டுப் பார்த்து வாங்குங்கள்.

அந்த எலக்ட்ரீசியனிடம் கற்றதை இன்றுவரை பயன்படுத்துகிறேன். இரைச்சல் எவ்வளவு என்று பார்க்காதே, எதோடு சேர்ந்து மாறுகிறது என்று பார். ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கினால் எர்த் சுற்றல். எஞ்சின் எப்படி ஓடினாலும் ஒரே சுருதியில் கீச்சிட்டால் சார்ஜரின் மட்டமான மின்சுற்று. சார்ஜரை மாற்றினாலே தீரும். வண்டி குலுங்கும்போது மட்டும் கரகரத்தால் பிளக் தளர்ச்சி. ஒரு பக்க ஸ்பீக்கர் மட்டும் அடங்கிவிட்டால் பிளக்கைப் பாதி இழுத்துத் திருகிப் பார். பாட்டு திரும்பினால் வயர் உள்ளே ஒடிந்திருக்கிறது.

யூஎஸ்பி கதையைச் சுருக்கிவிடுகிறேன். புதுச் செட்டின் யூஎஸ்பியில் ஐபாடை மாட்டினால் சார்ஜ் ஏறியது, பாடவில்லை. ஐபாட் பாட்டுகளைத் தன் சொந்த முறையில், மறைவான கோப்புறைகளில், எழுத்துகளைக் குலைத்துப் பெயர் வைத்து அடுக்குகிறது. அதன் மொழி தெரிந்த செட்டுதான் அதைப் படிக்கும். என்னுடையதற்குத் தெரியாது. பென் டிரைவுக்கு வந்தால், ஃபேட் 32 முறையில் ஃபார்மேட் செய்ததாக இருக்க வேண்டும். 64 ஜிபி டிரைவுகள் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் என்ற வேறு முறையில் வரும், பழைய செட்டுகள் திருதிருவென்று விழிக்கும். 16 அல்லது 32 ஜிபி போதும். தமிழில் பெயர் வைத்த பாட்டுகள் என் செட்டில் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. பாட்டு வரிசையும் பெயர்ப்படி வராமல், காப்பி செய்த வரிசைப்படி வந்தது. அதனால் 001, 002 என்று எண் போட்டு, அந்த வரிசையிலேயே ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டியிருந்தது.

உளுந்தூர்பேட்டைக்கு அருகே நடந்த ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். ஐபாடின் வட்டத்தைத் தடவி ஒரு பாட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். இரண்டு நொடிதான். நிமிர்ந்தபோது சாலையின் நடுவே ஆட்டு மந்தை. பிரேக் பிடித்தேன், ஒன்றும் ஆகவில்லை. மேய்ப்பவர் கம்பைத் தூக்கிக்கொண்டு வந்து திட்டினார். ஒரு வார்த்தை பதில் பேச எனக்கு யோக்கியதை இல்லை. அன்றிலிருந்து ஐபாட் அப்பா மடியில். கிளம்பும் முன்பே பட்டியல் ஓட ஆரம்பித்திருக்க வேண்டும். தனியாகப் போனால் வருவதைக் கேட்டுக்கொள்வேன்.

பாட்டுகளை வரிசை கலைத்துப் போடும் ஷஃபிள் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "இந்தப் பாட்டுக்கு அப்புறம் அதுதானே வரணும்" என்று ஒவ்வொரு முறையும் முகம் சுளிப்பார். அவர் மனதில் கேசட்டின் வரிசை. ஒரு தீபாவளி விடுமுறையில் பிஸ்கட் டப்பாவைக் கொட்டி, ஒவ்வொரு உறையிலும் ரெக்கார்டிங் சென்டர்காரர் பால்பாயின்ட் பேனாவில் எழுதியிருந்த வரிசைப்படியே பட்டியல்கள் போட்டேன். முதல் பக்கம் ஒன்று, இரண்டாம் பக்கம் ஒன்று. அதற்குப் பிறகு மதுரைப் பயணங்களில் புகார் இல்லை. அரை மணிக்கு ஒருமுறை, பட்டியல் முடிந்ததும், அவர் கை தானாகச் செட்டை நோக்கி நீளும், பக்கம் மாற்ற.

ஐபாட் கிளாசிக் தயாரிப்பு 2014-இல் நின்றது. 2022-இல் ஐபாடே நின்றுபோனது. என்னுடையது அலமாரியில், பேட்டரி உப்பி. சான்ட்ரோ இன்னும் ஓடுகிறது. போன வருடம் ஒரு புளூடூத் ரிசீவர் வாங்கினேன்: செட்டின் யூஎஸ்பியில் மின்சாரம், ஆக்ஸில் பாட்டு, போன் பையிலேயே. மாட்டியதும் பாட்டுக்கு நடுவே ஓர் இரைச்சல். அப்பா பின் சீட்டிலிருந்து, "வாய்க்கால் ரெண்டு" என்றார். மின்சாரமும் பாட்டும் ஒரே செட்டோடு இரண்டு வழியில் இணைகின்றன. டேஷ்போர்டைத் திறந்து பழைய ஐசொலேட்டரை எடுத்து நடுவில் மாட்டினேன். பின் சீட்டிலிருந்து அடுத்த கேள்வி: இதில் இரண்டாம் பக்கம் எப்படிப் போடுவது?